கிறிஸ்துதாஸ் அண்ணனின் வலது கை

சனிக்கிழமை காலை குளச்சலில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். அன்று சாளை நிறையப் பட்டிருந்தது. ஏலம் போடுகிறவர்களின் சத்தத்துக்கு நடுவே கைபேசி அடித்தது. எங்கள் சபைப் பாடகர் குழுவின் தலைவர் ஸ்டான்லி சார். அவர் சொன்னது முதலில் காதில் விழவில்லை. "கிறிஸ்துதாஸ் போயிட்டாரு டீச்சர்" என்று இரண்டாவது முறை சொன்னபோதும், "எங்க போனாரு?" என்றுதான் கேட்டேன். விடியற்காலையில் நெஞ்சு வலித்திருக்கிறது. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. "சரி சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மீன்காரி, "வெட்டித் தரட்டா, முழுசாப் போடட்டா?" என்று கேட்டாள். வெட்டித் தரச் சொன்னேன். வீட்டுக்கு வந்து மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். உப்பு, புளி எல்லாம் சரியாக இருந்தது. கையைக் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு, துக்க வீட்டுக்குப் புறப்பட்டேன். அன்று முழுக்க எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். இதை எழுதும் இன்றுவரை எனக்கு அழுகை வரவில்லை.

சபை மலருக்காக அவரைப் பற்றி எழுதித் தரும்படி ஸ்டான்லி சார் கேட்டார். பாடகர் குழுவில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். அவர் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்து கிட்டார் வாசித்தார். அதனால் நான் எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்திருப்பார். திங்கள்சந்தையில் ஃபேனும் மோட்டாரும் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தவராக உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டையுடன் மேடையோரம் உட்கார்ந்திருப்பவராக எல்லோருக்கும் தெரியும். நான் எழுதப்போவது உங்களில் அநேகருக்குத் தெரியாது. எழுதலாமா என்று அவர் மனைவி எஸ்தர் அக்காவிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க, இனி அவருக்கு என்ன கூச்சம்" என்றார்.

அவர் வளைகுடாவில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பாலைவனத்துக்கு நடுவில் எரிவாயு எடுக்கும் ஓரிடத்தில், கம்பிரசர் ஓடும் அறையில் வேலை. கிட்டாரையும் அங்கேயேதான் வாங்கினார். அங்கிருந்த ஒரு கோவாக்காரரிடம் வாசிக்கக் கற்றதாகச் சொல்வார். குழுவில் சேர்ந்த முதல் வாரம் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பாட்டுக்கு நடுவில் பெண்களின் குரல் மட்டும் தனியாக வருகிற இடம். அந்த இடம் வந்ததும் அவருடைய வலது கை, கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜ் பக்கத்திலிருந்து நகர்ந்து, கிட்டாரின் நடுத்துளையையும் தாண்டிக் கழுத்துப் பக்கம் போய்விட்டது. விரல் அசைவில் மாற்றம் இல்லை. அதே கம்பிகள், அதே சுரங்கள். ஆனால் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்த கிட்டார் சட்டென்று பஞ்சு போல ஆகிப் பெண்களின் குரலுக்கு அடியில் போய்விட்டது. பாட்டு முடிந்ததும் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "நான் ஒண்ணும் செய்யல்ல டீச்சரே. கை கொஞ்சம் மாறி இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். அதற்கான காரணம் எனக்குப் பாடமாகத் தெரியும். ஒரு கம்பி முழு நீளத்துக்கு ஆடும்போதே, பாதி பாதியாகவும், மூன்றில் ஒரு பங்காகவும், இன்னும் சின்னச் சின்னத் துண்டுகளாகவும் ஆடிக்கொண்டிருக்கும். நடுப்பக்கம் சுண்டினால் பெரிய ஆட்டம்தான் மேலோங்கும். சின்ன ஆட்டங்கள் குறைந்துபோகும். ஓசை உருண்டையாக இருக்கும். ஓரத்தில், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் சுண்டினால் சின்ன ஆட்டங்கள் எல்லாம் எழுந்துவரும். ஓசை கூர்மையாக, தெறிப்பாக இருக்கும். இதைக் கரும்பலகையில் வளைகோடு வரைந்து எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு பாட்டுக்கு நடுவில், யாருக்கும் தெரியாமல், ஒரு கையின் நகர்வாக அதைப் பார்த்தது அன்றுதான். அவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது ரசித்துக் கேட்டார். "அப்பம் இது எனக்குக் கிடைச்ச வித்தை இல்ல, கம்பிக்க குணம்" என்றார்.

வருடங்கள் போயின. எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இப்படிப்பட்டவை கடைசியில்தான் தெரியும். அவருடைய கை பிரிட்ஜ் பக்கமே தங்கத் தொடங்கியது. கழுத்துப் பக்கம் போவது குறைந்து, பிறகு நின்றே போனது. பெண்கள் பாடும் இடத்திலும் கிட்டார் கணீரென்றே ஒலித்தது. பிறகு அது கணீரென்பதையும் தாண்டிக் கிறீச்சென்று ஆகிவிட்டது. சபையில் முன்வரிசையில் உட்காருகிற வயதானவர்கள் இரண்டு வரிசை பின்னால் போனார்கள். பாடகர் குழுவில் ஒருத்தி, தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். ஸ்டான்லி சார் ஒலிபெருக்கிப் பெட்டியில் அண்ணனுடைய கிட்டாருக்கான குமிழைத் திருகிக் கூர்மையைக் குறைத்துப் பார்த்தார். அடுத்த வாரமே அண்ணனின் கை இன்னும் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்ந்திருந்தது.

ஒரு சனிக்கிழமைப் பயிற்சியில் வார்த்தை தடித்துவிட்டது. ஸ்டான்லி சார் பாட்டை நிறுத்தி, "கிறிஸ்துதாஸ், கொஞ்சம் மென்மையா வாசிக்கக் கூடாதா?" என்றார்.

"மென்மையாத்தானே வாசிக்குதேன்?"

"இதுவா மென்மை? பாடுறவங்களுக்குக் காது வலிக்குது."

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. பொதுவாகக் கோபப்படாத மனிதர். "உங்களுக்குப் பிடிக்கலன்னா அத நேராச் செல்லுங்க சார். சும்மா காதுக்கு மேல பழி போடாண்டாம்" என்றார். அப்போது அந்த வார்த்தை எவ்வளவு தூரம் உண்மையைத் தொட்டது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அன்று பயிற்சி பாதியில் முடிந்தது. ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் புதிய பாட்டுகள் பழக வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் பினோவை வாசிக்கச் சொல்லலாமா என்று ஸ்டான்லி சார் என்னிடம் தனியாகக் கேட்டார். பினோ அப்போதுதான் பொறியியல் முடித்து ஊருக்கு வந்திருந்த பையன், நன்றாக வாசிப்பான். நான் பாட்டுத்தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

அதே மாதத்தில் என் வகுப்புக்கு வருவதாக அண்ணன் முன்பே ஒத்துக்கொண்டிருந்தார். பதினோராம் வகுப்பில் கம்பியில் எழும் அலைகள் பற்றிய பாடம். கிட்டாரைக் கொண்டுவந்து காட்டினால் பிள்ளைகளுக்கு மனத்தில் நிற்கும் என்று கேட்டிருந்தேன். பயிற்சியில் சண்டை நடந்தபின் வரமாட்டார் என்று நினைத்தேன். சொன்ன நேரத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னபோது கூச்சப்பட்டுக் கிட்டாரை முன்னால் பிடித்துக்கொண்டார்.

முதலில் நான் கேட்டபடி கம்பியைச் சரியாக நடுவில் சுண்டினார். சுண்டிவிட்டு அதே நடுவில் விரலை லேசாக வைத்தார். ஓசை அப்படியே அவிந்துபோனது. பிறகு பிரிட்ஜ் ஓரத்தில் சுண்டினார். மறுபடியும் நடுவில் விரல் வைத்தார். இந்த முறை ஓசை அவியவில்லை. அடியிலிருந்த பெரிய ஓசை போய், அதற்கு ஒரு ஸ்தாயி மேலே இன்னொரு மெல்லிய ஓசை நின்று ஒலித்தது. பிள்ளைகள் "ஓ" என்றார்கள். கம்பி பாதி பாதியாக ஆடுவது அவர்கள் காதிலேயே கேட்டுவிட்டது. அதற்குமேல் நான் கரும்பலகைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இனி ஒரு காரியம் செய்வோம் மக்களே. எல்லாரும் கையத் தூக்குங்க. சத்தம் கேக்குத வரைக்கும் கை மேலயே இருக்கட்டு. நின்ன உடனே எறக்கணும்" என்றார். கம்பி முடிகிற இடத்துக்கு வெகு பக்கத்தில் சுண்டி, எங்கோ ஓரிடத்தில் விரலால் மெல்லத் தொட்டுவிட்டு எடுத்தார். மிக மெல்லிய, ஊசி போன்ற ஓசை. வகுப்பு மூச்சுவிடாமல் இருந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கிட்டாரின் மேல் காதை வைத்ததுபோல் குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்து, சிரித்தபடி, "நின்னுட்டு" என்றார்.

ஒரு கையும் இறங்கவில்லை.

பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். "ஏலே, நின்னுட்டுல்லா, எறக்குங்கலே" என்றார். முன்பெஞ்சுப் பெண்ணொருத்தி, "இன்னும் கேக்குது சார்" என்றாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னையும் அறியாமல் நானும் கையைத் தூக்கியிருந்தேன். பின்பெஞ்சில் ஒரு கை இறங்கியது. பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. கடைசிக் கை இறங்கும்வரை அவர் கிட்டாரைப் பிடித்தபடி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பை முறையாக முடித்தார். பிள்ளைகள் கேட்ட பாட்டையும் வாசித்தார். வாசல்வரை நான் கூட நடந்தேன். ஸ்கூட்டரின் பின்னால் கிட்டாரைக் கட்டிக்கொண்டே, என்னைப் பாராமல் கேட்டார்.

"டீச்சரே, பிள்ளையளு வெளையாடல்ல, இல்லியா?"

"இல்லண்ணே."

"உங்களுக்கும் கேட்டுச்சு."

"கேட்டுது."

கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். "ஸ்டான்லி சார்ட்ட நான் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்" என்றார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த இரண்டு வாரம் அவர் பயிற்சிக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்து, மேடைக்கு வராமல் சபையோடு பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் அவர் வீட்டுக்குப் போனேன். எஸ்தர் அக்கா முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, "நாகருவில்ல ஆஸ்பத்திரியில காது பாத்துட்டு வந்தோம் டீச்சரே. ஊசி மாதிரி உள்ள மேல் சத்தம் எல்லாம் போயிட்டுதாம். அந்தக் கம்பிரசர் ரூம்ல நின்ன காலத்துலயே போகத் தொடங்கியிருக்குமாம். சூடுன்னு சொல்லி அங்க குடுத்த காது மூடிய எடுத்து மாத்தி வச்சுட்டு நிப்பாராம், இப்பம் செல்லுதாரு. கிட்டாரக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாரு" என்றார். "நான் பேசுறதும் பாதிதான் கேட்டிருக்கும் போல. நான் இவ்வளவு காலமும் என்னைக் கவனிக்கலன்னு சண்ட போட்டுட்டு இருந்தேன்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அண்ணன் உள்ளே ஒரு ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதில் புது மிஷின் இருந்தது. பேசுவது கேட்கிறது, ஆனால் கிட்டாரை அதில் கேட்டால் டப்பாவுக்குள் பல்லி ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றார். கொஞ்சநேரம் ஃபேனைப் பற்றிப் பேசினார். பிறகு அவராகவே சொன்னார்.

"கிட்டார் வருசாவருசம் என்னை விட்டுத் தூரமாப் போச்சு டீச்சரே. ஒரு மூட்டம் மாதிரி. பிரிட்ஜ் பக்கம் போனா கொஞ்சம் தெளிவாக் கேக்கும். அதுகொண்டு நான் பின்னாலேயே போனேன். பிறவு அதுவும் மங்கும், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவேன். எனக்கு அது எப்பவும் உள்ள சத்தம்தான். உங்களுக்கெல்லாம் அது கீறிட்டு இருந்துருக்கு."

"கையக் கழுத்துப் பக்கம் கொண்டுபோனா சரியாயிடும் அண்ணே. வேற ஒண்ணும் இல்ல."

"அங்க எனக்கு ஒண்ணும் கேக்காது. கம்பளியப் போத்திட்டு வாசிக்குத மாதிரி இருக்கும்."

"எங்களுக்குக் கேக்கும்."

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். பினோ நல்லா வாசிப்பான், அவனே வாசிக்கட்டும் என்று மட்டும் சொன்னார். நான் எழுந்துகொண்டேன். அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தபோது, இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின், நான் கீபோர்டுக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தபோது கிட்டாரோடு வந்து நின்றார். எஸ்தர் அக்கா கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "டீச்சரே, எங்க கேக்க நல்லாருக்கு, கொள்ளாம்னு செல்லுங்க. நான் வாசிக்குதேன், நீங்க கேளுங்க" என்றார். காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிரிட்ஜிலிருந்து தொடங்கினார். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். ஒவ்வொரு முறையும் கை ஒரு விரல் அகலம் கழுத்தை நோக்கி நகர்ந்தது. அவர் கம்பியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுத்துளையின் மேல் வந்தபோது நன்றாக இருந்தது. அதைச் சற்றுத் தாண்டியபோது இன்னும் நன்றாக இருந்தது. அதற்கும் அப்பால் போனபோது ஓசை குழைந்துவிட்டது. வார்த்தை தெளிவில்லாமல் பேசுகிறவர் மாதிரி. "திரும்பி வாங்க" என்றேன். வந்தார். "அங்கதான்" என்றேன். பின்னாலிருந்து எஸ்தர் அக்காவும், "ஆமா, அங்கதான்" என்றார்.

"கொள்ளாமா?"

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணே."

அவர் அதே இடத்தில் இன்னொரு முறை வாசித்துப் பார்த்தார். தனக்கு ஏதாவது அகப்படுகிறதா என்று தேடுகிற முகம். பிறகு தலையை அசைத்து, "அப்பம் செரி. கேக்குதது நீங்கல்லா" என்றார். சுண்டுவிரல் கிட்டாரின் பலகையில் எங்கே ஊன்றியிருக்கிறது என்று குனிந்து பார்த்து வைத்துக்கொண்டார்.

ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அவர்தான் வாசித்தார். ஸ்டான்லி சாரிடம் அவரே போய்க் காதைப் பற்றிச் சொல்லியிருந்தார். சார் அன்று பெட்டிப் பக்கமே போகவில்லை, குமிழைத் தொடவில்லை. பெண்கள் தனியாகப் பாடுகிற இடம் வந்தபோது, எனக்கு இடது பக்கத்திலிருந்து அந்தப் பழைய பஞ்சுபோன்ற ஓசை எழுந்து வந்தது. நான் ஒரு சுரத்தைத் தவறவிட்டேன், யாரும் கவனிக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே காணிக்கையாக வந்த வாழைக்குலையும் தேங்காயும் ஏலம் போய்க்கொண்டிருந்தபோது பலர் வந்து அவர் கையைப் பிடித்தார்கள். "தாஸு, இப்பந்தான் நீரு வாசிக்கப் படிச்சிருக்கீரு" என்று ஒரு பெரியவர் கேலி செய்தார். அவரும் சிரித்தார். எல்லோரும் போனபின் என் பக்கத்தில் வந்து, "எப்படி இருந்துச்சு, செல்லுங்க" என்றார்.

நன்றாக இருந்தது என்றேன்.

"அது எல்லாரும் சென்னாங்க. எப்படி இருந்துச்சு?"

அப்போதுதான் அவர் கேட்பது எனக்குப் புரிந்தது. அவர் வாசித்ததை அவர் கேட்டிருக்கவில்லை. நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி ஆறிய பிறகு இருக்கிற மாதிரி, காரமும் சூடும் போய் இனிப்பு மட்டும் தங்கின மாதிரி என்றேன். "ஆறின காப்பியா!" என்று உரக்கச் சிரித்தார். இல்லை, வேண்டுமானால் இப்படிச் சொல்கிறேன் என்று மறுபடி முயன்றேன். ஈரமணலில் நடக்கும்போது காலடி விழுகிற மாதிரி. சத்தம் இல்லை, ஆனால் விழுந்தது தெரியும். அதை அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் பாட்டுகள் முடிந்தபின் சொல்லுவேன். இரண்டாவது பாட்டில் கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது, மூன்றாவதில் கீழ்க்கம்பி மட்டும் மேலே வந்தது, கடைசிப் பாட்டில் ஆண்களின் குரலோடு பிரிக்கமுடியாமல் கலந்துவிட்டது என்று. அவர் அதை வைத்து அடுத்த வாரம் திருத்திக்கொள்வார். மற்றவர்கள், நாங்கள் என்ன பேசிக்கொள்கிறோம் என்று கேட்டால், "டீச்சர் எனக்குப் பாட்டு செல்லித்தாறாங்க" என்பார். ஒரு முறை சொன்னார்: "காது கேட்ட காலத்துல நான் எனக்காக வாசிச்சேன் டீச்சரே. அதுல ஒரு சொகம் உண்டு. இப்பம் அது இல்ல. ஆனா தப்பா வாசிக்கப் பயமா இருக்கு பாத்தியளா, அது முன்னாடி இருந்ததே இல்ல." அவர் துக்கப்படவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். துக்கப்பட்டார். அதைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சுகம் அவருக்கு முழுக்கப் போய்விடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரு நாள் பயிற்சிக்கு வெகு முன்னதாகவே ஆலயத்துக்குப் போய்விட்டேன். மதிய வெயில். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் தனியாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். கை பிரிட்ஜ் ஓரத்திலேயே இருந்தது, கட்டையில் கிட்டத்தட்ட உரசுகிற அளவுக்கு. காலி ஆலயத்தில் அந்த ஓசை சுவருக்குச் சுவர் மோதிக் கிறீச்சிட்டது. அவர் கண்ணை மூடியிருந்தார். முகம் விரிந்திருந்தது. எங்களில் யாருக்கும் தாங்கமுடியாத அந்த ஓசை மட்டும்தான் அவருக்குக் கிட்டார் மாதிரி கேட்டது. நான் உள்ளே போகாமல் படிக்கட்டின் நிழலில் உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் வாசித்தார். நின்றபின் சற்றுப் பொறுத்து, செருப்பை வேண்டுமென்றே தரையில் உரசியபடி உள்ளே போனேன்.

"இப்பந்தான் வந்தியளா?"

"ஆமாண்ணே."

என்னை ஒரு கணம் பார்த்தார். நம்பவில்லை என்று நினைக்கிறேன். அன்று பயிற்சியில் அவர் கை சரியான இடத்தில் இருந்தது.

இறுதிச் சடங்கு ஞாயிறு மாலை நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் பாடகர் குழு பாடியது, பினோ கிட்டார் வாசித்தான். சிறிய கீபோர்டை ஒரு மேசையில் வைத்து நானும் வாசித்தேன். ஒரு சுரமும் தவறவில்லை. மண் போட வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவரின் சட்டைக் காலர் மடங்கியிருந்தது, அதைச் சரிசெய்யச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். விடைத்தாள் திருத்தினேன். யாராவது அவரைப் பற்றிப் பேசினால் தலையசைத்தேன். எனக்குள் ஏதோ ஒன்று தூரத்தில் நடந்துகொண்டிருப்பது போலவும், அதன் சத்தம் என்னிடம் வந்து சேரவில்லை என்பது போலவும் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

போன வாரம் எஸ்தர் அக்காவைப் பார்க்கப் போனேன். சபை மலருக்கு எழுதச் சம்மதம் கேட்கத்தான் போனது. வீட்டில் உறவுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் போயிருந்தார்கள். அக்கா சம்மதித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சரே, அன்னைக்குக் கல்லறையில நீங்க எல்லாரும் பாடினீங்கல்லா. எனக்கு ஒண்ணும் கேக்கல்ல. பாடுறது கண்ணுக்குத் தெரியுது, வாயி அசையுது, ஆனா ஒரு சத்தமும் வரல்ல. எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

நன்றாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

முதலில் இருந்து சொன்னேன். முதல் பாட்டின் முதல் வரியை ஸ்டான்லி சார் தனியாக எடுத்தார் அக்கா, இரண்டாவது வரியிலேயே அவருக்குக் குரல் உடைந்தது, ஆண்கள் சட்டென்று சேர்ந்து அதை மூடிவிட்டார்கள். காற்று அடித்ததால் பெண்களின் குரல் சில நேரம் பக்கத்திலும் சில நேரம் ரோட்டுப் பக்கத்திலும் இருந்தது. பினோவின் கிட்டார் முதலில் கூர்மையாகத்தான் கேட்டது. நடுவில் அவன் கையைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோனான், யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அதன்பின் கிட்டார் தனியாகக் கேட்கவில்லை, பாட்டுக்கு அடியில் ஒரு பாய் விரித்த மாதிரி இருந்தது. கடைசி வரியை எல்லோரும் மெதுவாகப் பாடினார்கள், முடிந்தபோது தென்னையோலை ஆடுகிற சத்தம் மட்டும் இருந்தது.

இவ்வளவும் எனக்குள் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கும்வரை எனக்கே தெரியாது. அன்று நான் அங்கே நின்று வாசித்தேன், ஆனால் அந்தப் பாட்டை எஸ்தர் அக்காவிடம் சொல்லும்போதுதான் கேட்டேன்.

கிறிஸ்துதாஸ் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். பக்கத்தில் கேட்க முடியாத ஒருவர் இருந்தால் அவருக்காகவும் சேர்த்துக் கேட்டு வைப்பது. அவர் கேட்கும்போது, நன்றாக இருந்தது என்று முடித்துவிடாமல், எப்படி இருந்தது என்று சொல்வது. அதை அவர் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்டுக் கேட்டு என்னிடம் உண்டாக்கிவிட்டுப் போனார்.

நான் சொல்லி முடித்தபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டாவது பாட்டு?" என்றார். அதையும் சொன்னேன்.